மறைக்காமல் போன எட்டு பைட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று சோதனைப் பலகையில் ஒன்றைப் பார்த்தேன். பார்த்தேனா?

நாங்கள் மாதிரி வடிவில் சோதிக்கும் சிப், வலைப்பின்னலில் ஓடும் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி போகிறபோக்கில் மறையாக்கம் செய்வது. எட்டெட்டு பைட்டாக உள்ளே வரும், மறைந்து வெளியேறும். ஒரு முனை 'தருகிறேன்' என்றும் மறுமுனை 'தயார்' என்றும் சைகை காட்டினால்தான் அடுத்த எட்டு நகர வேண்டும். இன்று ஒரு பாக்கெட்டின், அதாவது ஒரு தரவுப் பொட்டலத்தின், முதல் எட்டு பைட் மறையாமல், அப்பட்டமாக வெளியே போனது. மறுபடி ஓட்டினேன். ஒழுங்கு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும். ஒழுங்கு.

அந்தப் பகுதியை வடிவமைத்தவர் மாப்பிள்ளை. ஓய்வுபெற்று வீட்டில் முடங்கிக் கிடந்த எனக்கு இந்த வேலையைச் சொல்லி வாங்கித் தந்தவரும் அவரே.

மார்ச் 4

பத்தாம் தேதி சிப்பின் வடிவமைப்பு, தயாரிப்புக்காகத் தொழிற்சாலைக்குப் போகிறது. பிறகு எதையும் மாற்ற முடியாது. 'சோதித்தாயிற்று' என்று நான் கையெழுத்திட வேண்டும். வாங்கப் போகிறவை மருத்துவமனைகள். யாரோ ஒருவரின் நோய் ஊரறிய ஓடினால்?

மார்ச் 5

மாப்பிள்ளையிடம் மெல்ல ஆரம்பித்தேன். "ஒரு தடவைதானே மாமா? கேபிள் ஆடியிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 7, சனி

"மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. சொன்னேன். கடைசி வார்த்தை வாயில் இருக்கும்போதே, "இருங்க, அடுப்புல பால்" என்று எழுந்து போனாள். வந்ததும் விட்ட இடம் தெரியாமல் எங்கிருந்தோ தொடங்கினேன். "தலையும் இல்ல, வாலும் இல்ல. என்னதான் சொல்றீங்க?"

அப்போதுதான் உறைத்தது. என் சோதனைகளில் மறுமுனை 'பொறு' என்பதெல்லாம் பாக்கெட் முடிந்த பிறகுதான். அவ்வளவு மரியாதை! என் சுபாவத்தையே சோதனையாக எழுதி வைத்திருக்கிறேன். இவளைப் போல, கடைசி எட்டு பைட் நகரும் நேரம் பார்த்து நிறுத்தினால்?

மார்ச் 9

நிறுத்தினேன். அடுத்த பாக்கெட்டின் முதல் எட்டு பைட் அப்பட்டம். ஒவ்வொரு முறையும்.

மாப்பிள்ளையிடம் காட்டினேன். தானே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு — "நாளைக்குக் கையெழுத்து போட்டுடுங்க மாமா. அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன். இது நின்னா என் வேலை போயிடும்."

அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. 'பார்க்கலாம்' என்றேன். கோழை.

மார்ச் 10

மேலாளர் அம்மா பேனாவை நீட்டி, "என்ன சார், ஜோசியம் பார்க்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவை வாங்கவில்லை. "போட முடியாதும்மா." அவ்வளவுதான் வந்தது. மீதியை, நான் ஓட்டிக் காட்டிய சோதனைத் திரை சொன்னது. மாப்பிள்ளை இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

மார்ச் 11

மகள் அழைத்தாள். "அத்தனை பேர் முன்னாடியாப்பா?" வைத்துவிட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஞாயிறுதோறும் வரும் மகளும் மாப்பிள்ளையும் வரவில்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கலாம்.

மார்ச் 24

மாப்பிள்ளையின் வேலை போகவில்லை; திருத்த இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். இன்று புதிய வடிவம் வந்தது. அவரிடமிருந்து ஒற்றை வரி: 'சோதிக்கவும்.' நிறுத்தக்கூடிய இடத்திலெல்லாம் நிறுத்தினேன். ஒன்றும் நழுவவில்லை. கையெழுத்திடப் போகும்போது லிஃப்ட் வாசலில் அவர்.

"மறையாக்கத்துக்கான ரகசியக் கீ மாறும்போது நிறுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"கீ மாறும்போதே கடைசி எட்டும் வந்து, அங்க நிறுத்தினா?"

இல்லை. அது தோன்றவேயில்லை.

"எனக்கும் இப்பதான் தோணுச்சு. பயமா இருக்கு மாமா."

லிஃப்ட் திறந்தது. இருவரும் ஏறாமல் என் மேசைக்குத் திரும்பினோம்.