ஹெட்டி குகைக்குப் போயிருக்கிறாள்

லபுவான் பாஜோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

அன்பு மகள் மெல்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், உன் கறுப்புப் பன்றியும் குட்டிகள் போட்டுச் சுகமாக இருக்கிறது. அயர்லாந்துக் குளிரில் உன் இருமல் விட்டதா, ஆஸ்பத்திரியில் கொஞ்சமாவது உட்கார நேரம் கிடைக்கிறதா என்று எழுது. இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன். உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது, காரணம் கீழே வரும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்தும் என் மண்டையில் ஏறாமல் கிடந்ததே அந்த 'ஹாவ்', 'ஹாஸ்' சமாசாரம், அது ஏறிவிட்டது! மாதா கோயில் மண்டபத்தில் படகுக்காரர்களுக்கு வியாழக்கிழமைதோறும் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது, எர்லின் டீச்சர் எடுக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், சத்தம் மட்டும் சந்தைக்காரி சத்தம். நம் பாஷையில் ஒன்று நடந்தாயிற்று என்பதற்கு 'சுடா' என்று ஒரு சொல்லை முன்னால் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது, போனவர் வந்தாரா வரவில்லையா என்பதைக் கேட்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் அப்படி விடமாட்டார்களாம். 'ஐ லாஸ்ட் த கீ' என்றால் சாவி தொலைந்தது பழைய கதை, அப்புறம் கிடைத்தும் இருக்கலாம். 'ஐ ஹாவ் லாஸ்ட் த கீ' என்றால் இதோ இப்போதும் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று அர்த்தமாம். நடந்தது முன்னால், அதன் பாரம் இப்போது. 'யெஸ்டர்டே' என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹாவ்' பக்கத்திலேயே வரக்கூடாதாம். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். நான் எழுந்து, 'மை டாட்டர் ஹாஸ் பீன் டு அயர்லாந்து' என்றேன். "அட, மெல்டா திரும்பி வந்துட்டாளாக்கா? சொல்லவே இல்லையே!" என்றாள் டீச்சர். எங்கே வந்தாள், அங்கேதானே இருக்கிறாள் என்றேன். "அப்போ பீன் போடக் கூடாதுக்கா. போயிட்டு வந்தவங்களுக்குத்தான் பீன். போனவங்க இன்னும் திரும்பலைன்னா கான்" என்றாள். 'மை டாட்டர் ஹாஸ் கான் டு அயர்லாந்து' என்று திருத்திச் சொன்னேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது மெல்டா. வீட்டில் உன் கட்டில் காலியாகக் கிடக்கிறதே, அதுதான் கான். அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று முழுக்க வீட்டில் சோறு வெந்திருக்கிறது, நாய் மீனைத் தூக்கியிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் 'ஹாஸ்' போட்டுக்கொண்டே திரிந்தேன். அப்பா, "எனக்குப் பசிக்குது, அதுக்கு ஏதாவது காலம் இருந்தா சொல்லிட்டுச் சோத்தைப் போடு" என்று முறைத்தார்.

இனிமேல்தான் விஷயம். நேற்று கொர்னேலிஸ் சித்தப்பா படகில் வழக்கம்போல் சமையலுக்குப் போனேன். காலையில் தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் தீவில் அந்தக் குகைக்கு நடத்திக் கூட்டிப்போய்க் காட்டியாயிற்று. உனக்குத் தெரியும், கடல் ஏறினால் அதன் வாய் அடைத்துவிடும். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போதே மேற்கே வானம் கறுத்துவிட்டது, சித்தப்பா அவசரமாக ஆள் எண்ணினார். மஞ்சள் தொப்பி போட்ட ஹெட்டி என்ற பெண்ணைக் காணோம். பாயில் படுத்துத் தூங்கி வழிந்துகொண்டிருந்த அவள் அண்ணன், சிவப்புத் தாடிக்காரனை எழுப்பி, எங்கே தங்கச்சி என்று சைகையோடு கேட்டார். அவன் கண்ணைத் திறக்காமலே, 'ஷீஸ் கான் டு த கேவ்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். சித்தப்பா என்னிடம் வந்து, "குகைக்குப் போனாளாம், அது காலையில எல்லாரும்தான் போனோம். பக்கத்துப் படகு நேரா துறைமுகம் போகுதுன்னு நாலஞ்சு பேரு அதுல மாறிட்டாங்க இல்ல, இவளும் அதுலதான் போயிருப்பா" என்று எஞ்சினைக் கிளப்பிவிட்டார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. 'ஹாஸ்' எல்லாம் அவன் வாய்க்குள்ளேயே போய்விட்டது, கொசு மாதிரி ஒரு 'ஸ்' மட்டும்தான் வெளியே வந்தது, ஆனால் 'கான்' என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. கரண்டியோடு ஓடினேன். "தம்பி, நிறுத்துங்க! பீன்னு சொல்லல, கான்னு சொன்னான். அவ இப்போ அங்கதான் இருக்கா!" என்றேன். "அண்ணி, காத்து ஏறுது, இப்போ போயி பாடம் நடத்துறீங்களே!" என்று கத்தினார். நான் கேட்டது தப்பாக இருந்தால் படகில் உள்ள அத்தனை பேரையும் புயலில் நிறுத்தி வைத்த பாவம் எனக்கு, அதுவும் மனதில் ஓடாமல் இல்லை. திரும்பி ஓடி அந்தத் தாடிக்காரனை உலுக்கி, 'ஹாஸ் ஷீ கம் பேக்?' என்று கேட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் கேள்வி, டீச்சர் கேட்டிருந்தால் எழுந்து ஆடியிருப்பாள்! அவன் எழுந்து உட்கார்ந்து, 'நோ, நாட் யெட்' என்றான். நாம் குகைப் பக்கம் போய் அவளை ஏற்றிக்கொள்ளத்தான் படகு கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். கரை தள்ளிப்போவதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்ததே, அதை என்னால் எழுத முடியாது. சித்தப்பாவும் அந்த முகத்தைப் பார்த்தார். உடனே படகைத் திருப்பினார்.

சின்னப் படகில் சித்தப்பாவும் நானும் இறங்கினோம், கத்திக் கூப்பிட இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவரே என்னைக் கையைப் பிடித்து இழுத்தார். குகை வாயில் மேலே ஒரு முழம்தான் இடைவெளி மிச்சம், அலை வந்தால் அதுவும் இல்லை. நான் கையைக் குவித்து, 'ஹெட்டி! வீ ஹாவ் கம்! வீ ஹாவ் கம்!' என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். முதலில் தண்ணீர்ச் சத்தம்தான். மாதாவே, மாதாவே என்று முனகிக்கொண்டு மறுபடி கத்தினேன். உள்ளேயிருந்து ஒரு அழுகை கேட்டது. சித்தப்பா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார், கயிற்று முனை என் கையில், உள்ளங்கை உரிந்தது கூடத் தெரியவில்லை. உள்ளே பாறை மேல் ஏறி உட்கார்ந்திருந்திருக்கிறாள், நண்டைப் படம் பிடிக்கத் தனியாகத் திரும்பிப் போனவள், கால் பிசகி நடக்க முடியவில்லை. அலை இறங்கும் நேரம் பார்த்து அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விடவே இல்லை. படகில் சூடாக மீன் புளிக்குழம்பு ஊற்றிக் கொடுத்தேன், காரத்தில் மூக்கு ஒழுக இரண்டு கிண்ணம் குடித்தாள். தாடிக்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னான், வேகத்தில் பாதி புரியவில்லை, 'யூ ஹாவ் சேவ்ட்' என்றது மட்டும் புரிந்தது.

மழை எங்களைத் துறைமுகத்துக்கு வெளியேதான் பிடித்தது, எல்லாரும் பத்திரம். இறங்கியதும் சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணி, அடுத்த வாரத்துலேர்ந்து அடுப்புக்கு வேற ஆள் பாக்குறேன். நீங்க முன்னாடி நின்னு ஆளுங்ககிட்டப் பேசுங்க. நீங்க எண்ணி முடிச்சுச் சரின்னு சொன்னாத்தான் நான் எஞ்சினைத் தொடுவேன்." இத்தனை வருஷம் புகையில் நின்றவளுக்குப் படகின் முன்பக்கம், மெல்டா! வழிகாட்டி உரிமத்துக்கு நேர்முகம் வருகிறதாம், போய் உட்காரப் போகிறேன். இந்த வயதில் உனக்கு ஏன் இது என்று கேட்பார் என்று நினைத்த உன் அப்பா, என்ன சட்டை போட்டுக்கொண்டு போவாய் என்று கேட்கிறார். நீ விட்டுப்போன அந்த நீலச் சட்டையை நான் எடுத்துக்கொள்கிறேன், இடுப்பில் கொஞ்சம் பிரித்தால் போதும்.

கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. கண்ட நேரத்தில் காப்பி குடிக்காதே. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், உன்னிடம் வரும் நோயாளிகள் எல்லாரும் நடந்து வீடு போகட்டும். அடுத்த தரம் கூப்பிடும்போது என்னோடு இங்கிலீஷில் மட்டும் பேசு, தப்பு வந்தால் திருத்து, சிரித்தாயோ போனை வைத்துவிடுவேன்.

உன் மேல் உயிரான அம்மா,
யுஸ்தினா
(படகின் முன்பக்கம்)