முதல் திங்கள், பதினொரு மணி

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இல்லை, அது நிஜ அபாயச் சங்கு இல்லை. ஒத்திகை. எல்லோரும் பதறி ஓடியதில் பக்கத்து வீட்டு டெய்லர் அம்மா படியில் விழுந்தார் என்று எழுதியிருந்தாய். வெட்கமாக இருக்கிறது. உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குளிர்பதனக் கிடங்கின் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. அது கசிந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தரத்தான் கிடங்கு எனக்குச் சம்பளம் தருகிறது. ஆளை விழவைக்க அல்ல.

இனி மாதத்தின் முதல் திங்கள், சரியாகப் பதினொரு மணிக்குத்தான் ஒத்திகைச் சங்கு. நோட்டீஸை நானே எழுதினேன். 'இது ஒத்திகை. பயப்பட வேண்டாம்.' அது பெரிய எழுத்தில். கதவு ஜன்னலைச் சாத்து, ஈரத்துணியால் மூக்கைப் பொத்து என்பதெல்லாம் கீழே, சின்ன எழுத்தில். இடம் போதவில்லை.

போனில் சொல்லலாம்தான். நான் உனக்கு வகுப்பெடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய்.

உன் தங்கை

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

உன் சங்குதான் இப்ப எங்க தெருவுக்கே கடிகாரம். ஊதினா போதும், டெய்லர் அம்மா, "உன் தங்கச்சி கூப்பிடுறா, டீ போடு"ங்கறாங்க. நான் துணி காயப்போட மாடிக்குப் போறேன். ஒருத்தரும் பயப்படறதில்ல. சந்தோஷம்தானே?

போன வாரம் உன் பயிற்சிக் கூட்டத்துக்கு வந்து வருகை நோட்டுல கையெழுத்தும் போட்டேன். நீ என்னடான்னா வீட்டுப் பக்கமே வராம பஸ் ஏறிட்ட. கண்ணுக்குக் கீழ கருத்துக் கிடக்கு. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?

அக்கா

மார்ச் 11

அக்கா,

அது நாற்பதாவது கூட்டம். அதே படங்கள், அதே நகைச்சுவை. மேடையை விட்டு இறங்கியபோது யாரிடமும் பேச ஒரு சொல் மிச்சமில்லை. உன்னிடமும். மன்னித்துவிடு.

உன் கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். "இதாம்மா வெற்றி" என்றார். நானும் நம்பினேன்.

தங்கை

ஜூன் 9, ஆஸ்பத்திரி

தங்கச்சி,

தொண்டை வெந்து கிடக்கு. பேசக் கூடாதுன்னுட்டார் டாக்டர். அதான் எழுதுறேன். நான் தூங்கறப்ப நீ வந்து பார்த்துட்டுப் போனியாம், நர்ஸ் சொன்னாங்க. ஏன்டி எழுப்பல?

அன்னிக்கு முதல் திங்கள். பதினொண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. சங்கு ஊதிச்சு. நான் துணி வாளியோட மாடிக்குப் போனேன். டெய்லர் அம்மா கீழேருந்து, "இன்னிக்கு உன் தங்கச்சிக்கு என்ன அவசரம், முன்னாடியே கூப்பிடுறா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம்தான் அம்மோனியா நெடி வந்து கண் எரிஞ்சது. அவங்களுக்கு ஒரு கண் இன்னும் தெரியல.

நேத்து கிடங்கு ஆளுங்க வந்து, கூட்டத்துல நான் போட்ட கையெழுத்தை எனக்கே காட்டினாங்க. சொல்லிக்கொடுத்தும் தெரு கேட்கலைன்னு நீ அறிக்கை எழுதப் போறியாமே. எழுதலைன்னா வேலை போயிடும்னா எழுதிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

ஆனா எங்களுக்குக் காது நல்லாவே கேட்டுச்சு. அது உனக்குத் தெரியணும்.

அக்கா

ஜூன் 15

அக்கா,

உன்னை எழுப்பத் தைரியம் வரவில்லை. கட்டில் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். நீ மூச்சுவிடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அறிக்கையின் கடைசிப் பத்திக்கு மூன்று நாள் ஆனது. மேலாளர் தந்த வாக்கியம் இது: 'பயிற்சி பெற்றும் குடியிருப்போர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை.' அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'குடியிருப்போர் சங்கைக் கேட்டனர். பயப்பட வேண்டாம் என்று நாங்கள் கற்றுக்கொடுத்தபடியே நடந்தனர். நோட்டீஸை எழுதியவள் நான்.' கீழே கையெழுத்து.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "யோசிச்சுத்தான் எழுதினியாம்மா?"

"இதை யோசிச்சுத்தான் எழுதினேன் சார். நோட்டீஸைத்தான் யோசிக்கல."

நாளை முதல் வரவேண்டாம் என்றார். நாற்காலியிலிருந்து எழவே வெகுநேரம் ஆனது. அவ்வளவு களைப்பு.

டெய்லர் அம்மாவிடம் என்ன சொல்வேன், தெரியவில்லை.

தங்கை

பி.கு.: தபால் பெட்டி வரை போனேன். போடவில்லை. கடிதத்தோடு ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.