நியூட்ரான் நட்சத்திரத்துக்குப் பச்சை மை

ஸ்ரீ

மான்செஸ்டர்
10-3-1968

பிரியமுள்ள அக்னஸுக்கு வேதா எழுதிக்கொண்டது. இங்கு க்ஷேமம், குளிர் மட்டும் க்ஷேமமாக இல்லை.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை. கோபமா, விடைத்தாள் திருத்துகிறாயா? எதுவானாலும் இதற்குப் பதில் போட்டே ஆக வேண்டும். இதில் உனக்கு வேலை வைத்திருக்கிறேன்.

பேப்பரில் பார்த்திருப்பாய். வானத்தின் ஒரு மூலையிலிருந்து, ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில், துளி பிசகாமல் ரேடியோத் துடிப்பு வருகிறது. சுற்றுகிற நியூட்ரான் நட்சத்திரம் என்கிறது ஒரு கட்சி, இல்லவே இல்லை என்கிறது இன்னொரு கட்சி. முப்பது வருஷமாகக் காகிதத்தில் மட்டும் இருந்த நம் நட்சத்திரம், அக்னஸ்!

அது எவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்கிடும் வேலையைப் பேராசிரியர் எனக்குக் கொடுத்திருக்கிறார். நடுவிலிருந்து வெளியே அரை அரை கிலோமீட்டராக நகர்ந்து, ஒவ்வொரு இடத்திலும் அழுத்தத்தையும் அதுவரை சேர்ந்த எடையையும் எழுதுகிறேன். அழுத்தம் பூஜ்யமாகும் இடம்தான் நட்சத்திரத்தின் மேற்பரப்பு. ஆறு கிலோமீட்டருக்கு மேல் கால் கால் கிலோமீட்டராக மாற்றிக்கொண்டேன். மொத்தம் இருபத்தெட்டு வரிசை. கம்ப்யூட்டரில் என் முறை வர மாதங்கள் ஆகும். அதற்கு முன் ஒரு நட்சத்திரத்தையாவது கையால் போட்டுப் பார் என்கிறார் பேராசிரியர்.

அட்டவணையை இணைத்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருஷமும் ஒருத்தி போட்ட கணக்கை மற்றவள் சரிபார்த்து, அடியில் பச்சை மையில் 'சரி' என்று எழுதாமல் எதையும் வெளியே கொடுத்ததில்லை. பெரிய கடைவீதியில் வாங்கிய அந்த மை பாட்டிலில் என் பாதி, மருந்துக் குப்பியில் என்னோடு கப்பலேறி வந்துவிட்டது. உன் பாதி பத்திரமா? ஜூனில் கட்டுரை போக வேண்டும்.

உன்
வேதா

---

சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி
24-3-1968

அன்புள்ள வேதவல்லிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். எழுதாததற்குக் காரணம் விடைத்தாள் இல்லை. கோபம்தான். அதைவிடச் சரியான பெயர் ஒன்று உண்டு, நீயே போட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். நீ அவருக்கு எழுதியதை மடியில் வைத்துக்கொண்டு, உத்தர வீதியில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார். "ஒரு தேக்கரண்டி எடுத்தா நூறு கோடி டன்னுக்கு மேலயாம்! சூரியனத்தனையையும் அமுக்கி இங்கேர்ந்து சமயபுரம் தூரத்துக்குள்ள அடச்சுடுத்தாம் பெருமாள்! எங்க வேதா கண்டுபிடிச்சிருக்கா" என்கிறார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் இதெல்லாம் படிச்சவதானேடி அக்னஸ்?" என்றார். ஆமாம் மாமி, படித்தேன் என்றேன். காபி கசந்தது. மாமி சர்க்கரை போடாமல் இருந்திருக்க மாட்டார்.

நாம் இருவரும் மான்செஸ்டர் படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போன ரயில் நினைவிருக்கிறதா? இருந்ததோ ஒரே ஒரு இடம். அரியலூர் தாண்டியதும், "அது ஏண்டி மேற்கொண்டு நசுங்கல?" என்று கேட்டாய். எரிபொருள் தீர்ந்த பெரிய நட்சத்திரம் தன் கனம் தாங்காமல் உள்ளே விழுவதைச் சொன்னேன். எலெக்ட்ரானும் புரோட்டானும் ஒன்றுக்குள் ஒன்று திணிபட்டு நியூட்ரானாவதைச் சொன்னேன். இந்தப் பெட்டியில் ஒரு சீட்டில் ஒருத்தர்தான் என்பது போல, ஒரு நியூட்ரான் இருக்கிற நிலையில் இன்னொன்று உட்கார ஒப்பாது, அந்தப் பிடிவாதம்தான் நட்சத்திரத்தைத் தாங்குகிறது என்று விருத்தாசலம் வரும் வரை சொன்னேன். மறுநாள் அதே கேள்வியை உன்னிடம் கேட்டார்கள். சீட்டு உட்பட அப்படியே சொன்னதாக வெளியே வந்து நீயே குதித்தாய். என்னை வேறெதையோ கேட்டார்கள்.

சரி, விடு. கணக்கு மெஷினைச் சனிக்கிழமை பிற்பகல்களில் தருவதாகக் கல்லூரியில் மதர் சொல்லியிருக்கிறார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலிக்கும். உனக்காகத்தானே, சுற்றுகிறேன்.

அன்புடன்
அக்னஸ்

---

சேசு மரி சூசை

திருச்சி
10-4-1968

அன்புள்ள வேதாவுக்கு,

அட்டவணை இத்துடன். இருபத்தெட்டு வரிசையும் பார்த்துவிட்டேன். அடியில் 'சரி' எழுதியிருக்கிறேன். அழகான வேலை. உன் பேராசிரியர் மெச்சிக்கொள்வார்.

இங்கே ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரம், வெயில் வேறு. அம்மா சிலுவைப் பாதைக்குக் கிளம்பி வாசலில் நின்று கூப்பிடுகிறார். ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி போட்டுக்கொள்ளாமல் வெளியே போகாதே.

அன்புடன்
அக்னஸ்

---

சேசு மரி சூசை

திருச்சி
4-5-1968

வேதா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராகச் சொல்கிறேன். பதின்மூன்றாவது வரிசையைப் பார். அங்கேதான் அரை கிலோமீட்டரிலிருந்து காலுக்கு மாறுகிறாய். அழுத்தத்தின் கட்டத்தில் மாற்றியிருக்கிறாய். எடையின் கட்டத்தில் மாற்ற மறந்துவிட்டாய். அங்கிருந்து கடைசி வரை ஒவ்வொரு அடுக்கின் எடையும் இரட்டிப்பாகச் சேர்ந்திருக்கிறது. உன் நட்சத்திரம் நிஜத்தில் தாங்காத எடையைத் தாங்குவதாகச் சொல்லப் போகிறாய்.

இதை முதல் சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வேதா. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நாலு பேர் முன்னால் உன் முகம் கறுப்பதை நினைத்துப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமையும் மெஷினைச் சும்மா சுற்றினேன், மதர் பார்க்கட்டும் என்று.

பாஸ்காப் பெருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றேன். அவ்வளவுதான் அவருக்குச் சொன்னது. அதன் பிறகு பூசையில் வாங்கிய நன்மை அப்பமும் உள்ளே இறங்கவில்லை.

கட்டுரை ஜூனில்தானே போகிறது? இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அக்னஸ்

---

ஸ்ரீ

மான்செஸ்டர்
5-5-1968

அக்னஸுக்கு,

அட்டவணை வந்து இரண்டு வாரம் ஆகிறது. உறையைப் பிரித்ததும் அடியில்தான் பார்த்தேன். 'சரி' இருந்தது, நீல மையில்.

மை தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. தீர்ந்திருந்தால் நீ அதைப் பற்றியே அரைப் பக்கம் புலம்பியிருப்பாய். விடுமுறை நாளாகப் பார்த்து உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டேன். பதின்மூன்றாவது வரிசையில் என் லட்சணம் தெரிந்தது. உன் கண்ணுக்குத் தப்புகிற தவறு இல்லை அது. எத்தனை முறை என் நோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே சிரித்திருக்கிறாய்!

ரொம்பக் கோபம் வந்தது. அழுதேன். எனக்கு இங்கே யாருமில்லை என்று உனக்குத் தெரியும். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி, கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது ரயில் நினைவுக்கு வந்தது.

ரயிலைப் பற்றி நீ மார்ச் கடிதத்தில் எழுதியதை நான் கண்டும் காணாமல் விட்டேன். அன்று உள்ளே நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. சீட்டு உதாரணத்தைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். "இதை எங்கே படித்தாய் அம்மா?" என்று பெரியவர் கேட்டார். வாசலில் உட்கார்ந்திருக்கிறாளே அக்னஸ், அவள் சொன்னது என்று சொல்லியிருக்கலாம். நானே யோசித்தது என்று சொன்னேன். என்னைவிட உனக்குக் கூர்மை என்று காலேஜில் எல்லாரும் சொல்வார்கள். அந்த ஒரு நிமிஷம் நீ இல்லாமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது எனக்கு.

இப்போதைக்கு உனக்கு அட்டவணை அனுப்ப மாட்டேன். இங்கே ஒருவர் பார்த்துத் தருகிறார், பென்சிலில். அம்மாவைப் பார்க்கப் போவதை மட்டும் நிறுத்தாதே.

வேதவல்லி

---

சேசு மரி சூசை

திருச்சி
22-12-1968

அன்புள்ள வேதாவுக்கு,

மே மாதம் நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. அதற்குப் பிறகு ஏழு மாதம் நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மாமியை மட்டும் மாதம் ஒரு முறை பார்க்கிறேன். கட்டுரை அச்சாகிவிட்டதாகச் சொன்னார். பிரதியை அம்மா மண்டபம் வரை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். பச்சை மை தீரவில்லை. அன்று பேனாவில் பச்சையைத்தான் நிரப்பினேன். அந்த மையில் பொய் எழுதக் கை போகவில்லை. கழுவிவிட்டு நீலத்தை நிரப்பினேன். நீ கண்டுபிடிப்பாய் என்று நினைத்துச் செய்ததாகச் சொன்னால் அதுவும் பொய்.

நீ உள்ளே என்ன சொன்னாய் என்று படித்ததும் உன் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினேன். அதற்காக இரண்டு மாதம் உன்னை வெறுத்தேன். பிறகு அலுத்துவிட்டது. ஆகஸ்டில் மெஷினை மறுபடி கேட்டு வாங்கினேன், எனக்காக.

நண்டு நெபுலாவில் புதிதாக ஒரு துடிப்பு கேட்டிருக்கிறதாமே, விநாடிக்கு முப்பது தரம்! சோழர் காலத்தில் வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம். வேறு எந்த நட்சத்திரமும் அந்த வேகத்தில் சுற்றினால் பிய்ந்துபோகும். ஆக, நம்முடையதேதான். செய்தியைப் படித்ததும் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு அதையே சொன்னேன்.

இத்துடன் இருப்பது நான் போட்ட கணக்கு. நியூட்ரான்கள் ரொம்ப நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளலையும் சேர்த்தால் எவ்வளவு எடை தாங்கும் என்று. நாற்பத்தொரு வரிசை. ஆறு முறை பார்த்துவிட்டேன், ஆனாலும் என் தவறு என் கண்ணுக்குத் தெரியாது. நீ பார்க்க வேண்டும். வேண்டுமென்றே விட்டு வைத்தாலும் சரி, பார்த்துவிட்டு அனுப்பு. அடியில் இடம் விட்டிருக்கிறேன். என்ன மை என்பது உன் இஷ்டம்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் இந்தக் கடிதம் முழுக்கப் பச்சை மையில் எழுதுகிறேன், அதனால் எழுத முடியவில்லை.

உன்
அக்னஸ்