கண்காட்சி வாரத்துக் கட்டில்

ஹனோவர், மிட்டல்ஃபெல்ட்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வீப்கேவுக்கு அம்மா எழுதுவது. ஷாங்காயில் நீ நல்ல உடம்போடு இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அந்த ஊர்ப் புகை உன் நெஞ்சை ஒன்றும் செய்யக் கூடாது. இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை எழுத மறுக்கிறது. மூட்டு வலி முன்போலத்தான், ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, மற்றபடி நலமில்லை என்று உண்மையையே எழுதிவிடுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். கடிதத்தில் அப்படித் துண்டித்துவிட்டுப் போக முடியாது.

உறைபனி விழுந்துவிட்டது, கேல் கீரைக்கு இப்போதுதான் ருசி வரும், தொத்திறைச்சி போட்டு ஒரு பெரிய பானை வைத்தேன். கொர்ராதின் சாப்பிட வந்திருந்தார். அவரை உனக்கு மறந்திருக்காது. இத்தாலியில் பதுவா ஊர்க்காரர், குளிர்சாதன இயந்திரம் செய்கிறவர், நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து குளிர்பதனக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் உன் அறையை வாடகைக்கு எடுத்து உன் கட்டிலில் தூங்கிய மனிதர். இந்த முறை கண்காட்சிக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுகளில் அந்தக் கண்காட்சியை எந்த ஊரில் நடத்துவது, ஹனோவரிலா ஷாங்காயிலா என்று முடிவு செய்யப் போகிற குழுவில் அவரும் ஒருவர், அதன் கூட்டத்துக்காக வந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் ஓட்டெடுப்பாம். கீரையை வாயில் வைத்தபடியே சொன்னார், "அம்மா, ஷாங்காய்க் கண்காட்சிக்காரங்க சார்பா உங்க பொண்ணு வந்து பேசினா பாருங்க, அடேயப்பா, என்ன பேச்சு! நீங்க பெருமைப்படணும்." இந்த ஊருக்கு வந்திருக்கிறாய், ஓட்டலில் தங்கியிருக்கிறாய், பேசிவிட்டுப் போயிருக்கிறாய். நான்கு தெரு தள்ளி இருக்கிற அம்மாவுக்கு அதை ஒரு இத்தாலியர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன். தட்டையே பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். "கண்காட்சி வாரத்துல இங்க ஓட்டல்காரங்க மூணு மடங்கு கேக்கறாங்கன்னு சொன்னா. பெரிய விமானம் எல்லாம் ஃபிராங்க்ஃபுர்ட்லதான் இறங்குதுன்னு சொன்னா. நெஜந்தானே அம்மா?" நிஜந்தான், அப்புறம் என்றேன். "அப்புறம்... இந்த ஊருக்கு வந்தா பெரிய முதலாளிங்ககூட சின்னப் பிள்ளைங்க கட்டில்ல காலை நீட்ட முடியாம கெடக்கணும்னு சொன்னா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்பறம்தான், அட, அது என் கட்டிலாச்சேன்னு தோணிச்சு."

வீப்கே, நீ சொன்ன குறைகள் எதையும் நான் இல்லையென்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, என் ஆங்கிலமெல்லாம் காலை உணவு மேசையில் விருந்தினர்களிடம் பொறுக்கியது, ஆனாலும் இந்தத் தொழில் எங்கே நொண்டுகிறது என்று எனக்கும் தெரியும். பாதி அரங்குகள் விளக்கில்லாமல் கிடக்கின்றன. கணினிக் கண்காட்சி போனது, அதோடு ஒரு தெருக் கூட்டம் போனது. பெரிய நிறுவனங்கள் தங்கள் முற்றத்திலேயே தங்கள் சரக்கைக் காட்டிக்கொள்கின்றன, சின்ன நிறுவனங்கள் திரையில் காட்டிவிட்டுச் சும்மா இருக்கின்றன. எல்லாம் சரி. ஆனால் நீ எதை விட்டுவிட்டாய் தெரியுமா? ஐரோப்பா முழுக்க இன்று வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு வேண்டும், குளிர்ப்பெட்டி வேண்டும் என்று பறக்கிறது, அதைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலைப் பொழுது வண்டி ஓட்டினால் இங்கே வந்துவிடும் தூரத்தில் இருக்கிறார்கள். ரயில் கண்காட்சி வாசலிலேயே நிற்கிறது. அரங்குகளைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. குறைவது படுக்கை ஒன்றுதான். கண்காட்சி வாரத்தில் ஓட்டல் விலைக்கு ஒரு வரம்பு வையுங்கள், வீடுகளை விருந்தினர்களுக்கு மறுபடி திறக்கச் சொல்லுங்கள் என்று நகராட்சிக்கு இரண்டு முறை எழுதினேன். என் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. ஆர்வமாம். கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவள் கையை ஆட்டினால் அதற்குப் பெயர் ஆர்வமா?

எதிர் வீட்டு ஓல்கர்ஸ் அம்மா 'அறை உண்டு' பலகையைக் கழற்றிவிட்டாள். செய்தி அவள் காதுக்கும் எப்படியோ போய்விட்டது, வாசலிலேயே நின்று, "இர்மேலா, உன் மக அங்க உக்காந்து நம்ம தெருவுக்குக் குழி வெட்டறா, நீ இங்க கீரை கிண்டிக்கிட்டு இரு" என்றாள். அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்தக் கண்காட்சியும் போனால் இந்த வீட்டை நான் வைத்திருக்க முடியாது மகளே. விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போ என்று சொல்வாய். போக மாட்டேன். உன் அப்பா இறந்த பிறகு கண்காட்சி வாரங்கள்தான் நம் தலைக்கு மேல் கூரையை நிறுத்தின, அந்தக் கூரையை விட்டு நானாக இறங்க மாட்டேன்.

இந்த ஊரில் அறை கொடுக்கிற பெண்களுக்குக் கண்காட்சி அம்மா என்று பெயர். பின்லாந்துக்காரன் அம்மா என்றான், கொரியாக்காரன் அம்மா என்றான். அந்த வாரங்களில் நீ ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிட மாட்டாய். உன் அறையை விருந்தினருக்குக் கொடுத்துவிட்டு உன்னை நிலவறையில் படுக்கவைப்பேன், நீ தலையணையைக் கட்டிக்கொண்டு நிலவறைப் படியில் நின்று, "வீட்டுக்காரம்மா, எனக்கும் ஒரு எடம் கெடைக்குமா?" என்று கேட்பாய். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வாய்க்காரப் பெண் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இத்தனை ஆண்டு கழித்து அதே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் போட்டு மறுபடி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறாய்.

இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பிறர் வாயால் நீ கேட்க வேண்டாம், எனக்கு நேர்ந்ததே போதும். புறப்படும்போது கொர்ராதின் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னார், "குழுவுல ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. நான் மட்டுந்தான் இன்னும் வாயைத் திறக்கல. இந்த ஊருக்கு ஓட்டுப் போட்டா உங்க பொண்ணு தோத்துடுவா. அவளுக்குப் போட்டா நீங்க தோத்துடுவீங்க. நான் உங்க வீட்டு முட்டையைத் தின்னவன் அம்மா. நீங்க சொல்றபடி போடறேன்." நான் கை ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை. "ஹனோவருக்குப் போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன். பொண்ணுகிட்ட என்ன சொல்வீங்க என்றார். நானே எழுதுகிறேன் என்றேன். எழுதிவிட்டேன்.

அதைத் திருப்பி வாங்க மாட்டேன். மேடையில் சொன்னதை நீயும் திருப்பி வாங்க மாட்டாய் என்று தெரியும், உன் பிடிவாதம் கடையில் வாங்கியதல்ல. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இதனால் உன் வேலைக்கு ஏதாவது வருமா, வந்தால் நீ இனி என்னோடு பேசுவாயா என்று நினைத்து நினைத்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நிற்கிறேன். ஊர் தோற்றால் எனக்கு வீடு இல்லை. ஊர் ஜெயித்து நீ என்னை விட்டுப் போய்விட்டால் இந்த வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லு.

வரும் வசந்தத்தில் கண்காட்சி எப்படியும் இங்கேதான், அது கடைசியோ இல்லையோ. படியில் இறங்கும்போது கொர்ராதின், "என் அறை உண்டுதானே?" என்றார். இல்லை என்றேன். ஹனோவருக்கு ஓட்டுப் போடச் சொன்னபோதுகூட மனிதர் அப்படி விழிக்கவில்லை. அவருக்கு ஓர் அறை கேட்டு நான் தெருவைத் தாண்டிப் போய் ஓல்கர்ஸ் அம்மாவின் கதவைத் தட்டினேன், அது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். அவள் பலகையை மறுபடி மாட்டியிருக்கிறாள். உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. உன் அப்பாவின் ரம்பத்தை எடுத்து, கட்டிலின் கால்மாட்டுப் பலகையை நானே அறுத்து எடுத்துவிட்டேன். அறுப்பு கொஞ்சம் கோணல்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன், காலில் குத்தாது. இனிமேல் அதில் யார் வேண்டுமானாலும் காலை நீட்டலாம். நீ ஷாங்காய்க்காகவே வா, உன் கூட்டத்தோடு வா, எங்களைத் தோற்கடிக்கவே வா. ஆனால் ஓட்டலுக்குப் போகாதே.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், நீண்ட ஆயுளையும் அமைதியான தூக்கத்தையும் தரட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் போட்டுக்கொள். காலை உணவு ஆறரைக்கு. எல்லாருக்கும் உள்ள விதிதான் உனக்கும்.

உன் வீட்டுக்காரம்மா,
இர்மேலா