பள்ளத்தில் தங்காத மாத்திரை

நாள் 212 · 09:10
டைட்டன் சுற்றுப்பாதை நிலையம். எழுதுபவர் பொற்கொடி, நொதி ஆய்வாளர். பணியில் மூவர். காற்று வடிகட்டியில் பூஞ்சை வழக்கமான அளவே. இந்தப் பூஞ்சையின் நொதியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. நுரையீரல் புரதம் அதில் சிக்கினால் வெட்டுப்படும். தினமும் நாங்கள் விழுங்கும் மாத்திரையின் மூலக்கூறு முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். மூவரும் நலம்.

நாள் 219 · 14:30
நொதி மாறியிருக்கிறது. பள்ளத்தின் வாயில் ஒரே ஓர் அமினோ அமிலம் வேறு. மாத்திரை உள்ளே போகிறது, தங்காமல் நழுவிவிடுகிறது. நிலையத் தலைவர் இருதயராஜிடம் அறிக்கை கொடுத்து, பூமிக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினால் தொற்றுத் தடை வரும். ஊர் திரும்புவது ஓராண்டு தள்ளிப்போகும்.
"ஆதாரம் பத்தாதும்மா. போய் வேலையப் பாரு."

நாள் 231 · 11:05
என் கணவர் செங்குட்டுவன் இறந்தார். 10:42. நிலையத்தின் பொறியாளர். வயது 38. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. "பூமியிலேர்ந்து புது மருந்து அனுப்புறாங்களாம், தலைவர் சொன்னாரு" என்று நேற்றுக்கூடச் சொன்னார்.
செய்திப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் அறிக்கை போகவே இல்லை.

நாள் 236 · 16:20
புதிய தடுப்பான் தயார். இது பள்ளத்தில் உட்கார்ந்ததும் நொதியோடு பிணைந்துகொள்ளும், பிறகு எழாது. ஐந்து நாள் தூங்கவில்லை. இருவருக்குத்தான் தேறியது. ஒன்றை நான் போட்டுக்கொண்டேன்.
இருதயராஜ் பூமிக்குத் திரும்பும் கலத்துக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். ஒலிபெருக்கியில் இருமல்.

நாள் 237 · 08:15
"பொற்கொடி, நீ மருந்து செஞ்சிட்டேன்னு தெரியும். குடும்மா. மூச்சு விட முடியல."
"மொதல்ல என் அறிக்கையப் பூமிக்குப் படிங்க சார். மறைச்சது யாருன்னும் சொல்லுங்க."
படித்தார். பாதியில் ரத்தம் கக்கினார். காத்திருந்தேன். கடைசியில் தன் பெயரைச் சொன்னார்.
"சொல்லிட்டேன். கதவத் தொறக்குறேன். குடு."

நாள் 237 · 09:02
இதைக் கண்டெடுப்பவருக்கு: மருந்து என்னிடம் இருந்தது. கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். கழிவுக் குழாயில் விட்டு விசையை அழுத்தினேன். அவரிடமும் சொல்லிவிட்டேன்.
"அடிப்பாவி" என்றார். அப்புறம், "பொய்தானே? பொய்னு சொல்லும்மா."
ஒலிபெருக்கியை அணைத்தேன்.

09:20
கைப்பிடிகளைப் பற்றி, உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறார். சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு பிடிக்கும் நடுவில் நீண்ட நேரம். ஆய்வுக்கூடக் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறேன். வரட்டும். அந்த முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும்.