இடுப்பில் கட்டிய துண்டு

மாப்ள,

இன்று காலை வண்டியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மோட்டார் காருக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். கனிந்து அழுகப் போகிற வாழைப்பழ வாசனை. உன் விமானத்தின் துணி இறக்கை விறைப்பாக நிற்க நாம் மருந்து பூசும்போது வருமே, அதே வாசனை. சைக்கிளை நிறுத்திவிட்டேன். பத்து வருஷமாக ஒளித்து வைத்திருந்தது மூக்கு வழியாக வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் பறக்கப் படித்துவிட்டு, ஒரு துரையிடமிருந்து பழசாக விலைக்கு வாங்கி நீ கொண்டுவந்த விமானம் அது. இரண்டு பேர் உட்காரலாம். நாகமலைக்கு மேற்கே வற்றிக் கிடந்த கண்மாயில்தான் இறக்குவாய். அதன் வாலைப் பிடித்துத் தள்ளுவது என் வேலை. அதற்கே எனக்குத் தலைகால் புரியாது. ஊரே உன்னைப் பார்க்கும். நான் ஊர் என்னைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வானத்திலிருந்து பூப்போட உன்னைக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்தவன் நான்தான். உன்னைக் கேட்கக்கூட இல்லை.

"தாழ வந்து போடு மாப்ள. போன தடவ நீ போட்ட பூவு அம்புட்டும் பக்கத்து ஊர்க்காரன் பருத்திக்காட்டுலல்ல விழுந்துச்சு!"

நீ சிரிக்கவில்லை. "தாழப் பறந்தா கம்பிதான்டா எமன். மரம் தெரியும், கோபுரம் தெரியும். கம்பி மட்டும் கிட்டக்க வந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும். அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். முதல் நாளே வந்து பூப்போட வேண்டிய இடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது உன் வழக்கம். அந்த முறை எஞ்சினில் ஏதோ கோளாறு, வர முடியவில்லை. "நீயே பாத்துக்க. ஊர்வலம் வர்ற நெல்லுக்களத்துல நில்லு. தடை இருந்தா துண்ட எடுத்துத் தலைக்கு மேல வீசு. வீசலைன்னா வழி சுத்தம்னு வந்துருவேன்" என்றாய். உன் கணக்கில் இருந்த ஒரே பிசகு அதுதான். வழி சுத்தம் என்பதற்கு அடையாளம் வைத்திருக்க வேண்டும், மாப்ள. சும்மா நிற்கிறவனை நம்பியிருக்கக் கூடாது.

பண்ணையார் கிணற்றுப் பம்புசெட்டுக்கு இரண்டு நாள் முன்னால்தான் கரண்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். தென்னந்தோப்பிலிருந்து கிணறு வரை, களத்துக்குக் குறுக்கே. தோப்பை ஒட்டி நின்ற கம்பம் மேலிருந்து தெரியாது என்பது எனக்குத் தெரியும். வீசத்தான் நின்றேன்.

நாகமலைப் பக்கம் உன் சத்தம் கேட்டபோது பண்ணையார் சம்பந்திகளோடு களத்துக்கு வந்துவிட்டார். ஊர் வழக்கம், கை தானாகத் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. கைகட்டி நின்றேன்.

"யாருடா ஓட்டுறது? ஒன் கூட்டாளியா?"

"ஆமாங்கய்யா."

அந்த 'ஆமாங்கய்யா'வில் எனக்கு எம்புட்டுப் பெருமை! நீ திரும்பித் தாழ இறங்கினாய். என் கை இடுப்புக்குப் போனது. சம்பந்திகள் பார்க்க, அவர் முகத்துக்கு நேரே துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றுவதா என்று தயங்கினேன். ஒரு மூச்சு நேரம்தான். முடிச்சை அவிழ்த்து முடிப்பதற்குள் உன் சக்கரம் கம்பியில் மாட்டிக்கொண்டது. விமானம் குப்புறக் கவிழ்ந்து தோப்புக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கூடையிலிருந்த பூ மட்டும் களத்தில் சிதறிக் கிடந்தது.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் பண்ணையார், "சொன்ன பேச்சு கேக்காத துடுக்குப் பய" என்றார். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா? வயிற்றுப் பிள்ளையோடு இருந்த உன் மனைவி, "நீங்க அங்கதானண்ணே நின்னீங்க, அவரு ஏன் அம்புட்டுத் தாழ வந்தாரு?" என்று கேட்டபோது, "துண்ட வீசு வீசுன்னு வீசுனேன் தங்கச்சி, அவன் கேக்கல" என்று சொன்னேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பத்து வருஷம் நின்றது. அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை என்று, உன் மகளுக்கு என் மடியில் உட்கார்த்திவைத்துத்தான் காது குத்தினார்கள். நான் வெட்கமில்லாமல் புதுவேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

இன்று நான் போனபோது அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. நின்றபடியே சொன்னேன். "நான் வீசல தங்கச்சி. துண்டு என் இடுப்புலதான் இருந்துச்சு. அவன் சொன்னபடிதான் வந்தான்."

அரிவாள்மனையை மெதுவாகச் சாய்த்து வைத்தாள்.

"சொல்லக் கேக்காமப் போய்ச் செத்த மனுசன்னு பத்து வருசமா அவர வைஞ்சுக்கிட்டே இருக்கேன். அவருக்காக நான் ஒரு நாள்கூட அழுகலையே" என்றாள். கத்தரிக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க போங்க" என்றாள். அதில் அண்ணே இல்லை.

வந்துவிட்டேன். அவள் அழுத சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. உனக்குச் சேர வேண்டிய அழுகை அது, மாப்ள. பத்து வருஷம் அது உன்னிடம் வராமல் மறித்துக்கொண்டு நின்றவன் நான்.