போர்டின் ஆறாவது வரி

1963 மே 6, திங்கள்

வெயில் கொல்லுது. கத்திரி ஆரம்பிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள ஸ்டோர் ரூம் தகரத்துல கை வைக்க முடியல. சைக்கிள் பின் சக்கரம் பஞ்சர். சட்டை ரெண்டு சலவைக்கு.

மானேஜர் கூப்பிட்டு இங்கிலீஷ் தாள் ஒண்ணு குடுத்தார். அனிலின் ஆயிலை எப்படிப் புழங்கணும்னு டிரம்மோட கூட வந்தது. "இன்ஸ்பெக்டர் வராருய்யா. தமிழ்ல எழுதி ஷெட்டுல மாட்டிடு. இங்க இங்கிலீஷ் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்." எஸ்.எஸ்.எல்.சி. பாஸுன்னா சும்மாவா.

அனிலின் சாயத்துக்கு மூலச் சரக்கு. பேருதான் ஆயில், எண்ணெய் இல்ல. நாள்பட்ட வெளக்கெண்ணெய் நிறம், அழுகின மீன் நாத்தம். ஷெட்டுல இருக்கிற பத்து பேரும் கடலோரத்துப் பசங்க. அவுங்களுக்கு அது வீட்டு வாசனை.

எழுதினது:

1. டிரம் திறக்கையில் முகத்தைத் தள்ளி வைக்கவும்.
2. கையுறை, பூட்ஸ் போடவும். (இருக்கிறது ரெண்டு ஜதை. ஆள் பத்து.)
3. மேலே சிந்தினால் துணியை உடனே கழற்றி, சோப்பு போட்டுக் கழுவவும்.
4. உள்ளே பீடி, சோறு கூடாது.
5. குடித்தவன் உள்ளே வரக்கூடாது. (மதுவிலக்கு இருக்கிறப்ப இதை எழுதலாமான்னு கேட்டேன். "எழுதுய்யா"ன்னார்.)

ஆறாவதுல முட்டிக்கிச்சு. வேலைக்கு முந்தி "பேரியர் கிரீம்" பூசணுமாம். கிரீம்னா என்னா, பாலாடையா, ஸ்னோவா? மானேஜரைக் கேட்டா "இது கூட தெரியாதா"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வேணாம். யோசிச்சேன். பண்ருட்டிப் பலா அறுக்கிறப்ப பால் ஒட்டாம இருக்க என்னா பண்றோம்? கையில எண்ணெய். அதேதான் இது. "6. வேலைக்கு முன் கை கால்களில் எண்ணெய் தடவவும்." ஆச்சு. தாளை மடிச்சு டிராயர்ல போட்டேன்.

மே 8, புதன்

போர்டு மாட்டியாச்சு. பச்சை பெயிண்ட், வெள்ளை எழுத்து. எழுத்து அழகா வந்திருக்கு, என்னுதாச்சே. மானேஜர் தூரத்துலேர்ந்து பார்த்து "நல்லாருக்கு"ன்னார். படிக்கல. ஆளுங்க ஒருத்தனுக்கும் எழுத்து தெரியாது. "என்னா, புது சினிமாவா?"ன்னு ஒருத்தன். மாடுங்க.

படிச்சவன் அருள் மட்டும். என் பொண்டாட்டி ரீத்தாவோட தம்பி, எனக்கு மச்சான். மச்சான்னு சொல்லவே நாக்கு கூசுது. அப்பன் ஆத்தா இல்லன்னு மூணு வருஷமா என் வீட்ல சோறு. அவ நச்சரிப்பு தாங்காம ஷெட்டுல சேர்த்து விட்டேன். மீன் வாங்கினா தலை அவனுக்கு. முந்தி எனக்கு வரும்.

போன வருஷம்தான், இருபத்திரெண்டு வயசுல, கோயில்ல ஒரு சிஸ்டர்கிட்ட எழுத்து கத்துக்கினான். அதுலேர்ந்து தொல்லை. தீப்பெட்டி, சோப்புக் காகிதம், பொட்டலம் கட்டின பேப்பர், எதையும் விடறதில்ல. எழுத்துக் கூட்டி, சத்தமா. இன்னைக்கு போர்டுக்கு முன்னால நின்னு: "எங்க மாமா எழுதினதுடா, படிக்கிறேன் கேளுங்க. எண்... ணெய்... தட... வவும்." முகமெல்லாம் பல்லு. பெத்த புள்ள பரிட்சை எழுதின மாதிரி என்னைத் திரும்பிப் பார்க்கிறான். நான் பார்க்காத மாதிரி ஸ்டோருக்குப் போயிட்டேன்.

மே 9, வியாழன்

காத்தே இல்ல. ஆணி ஒரு கிலோ வாங்கணும், மறந்தேன்.

அருள் ரீத்தாகிட்ட நல்லெண்ணெய் வாங்கிட்டு வந்திருக்கான். கழுத்துலேர்ந்து பாதம் வரைக்கும் தடவி பளபளன்னு நிக்கிறான். ஷெட்டே சிரிச்சுது. "என்னா மச்சான், உனக்கு மட்டும் சனிக்கிழம இன்னைக்கே வந்துடுச்சா? சீயக்கா எங்க?" அதுக்கு அவன், "போர்டுல போட்டிருக்குடா. மாமாவுக்குத் தெரியாததா?"

சாயந்திரம் தலைவலின்னு படுத்துக்கினான். டிமிக்கி குடுக்க வழி தேடறான்னேன். ரீத்தா முறைச்சா.

மே 10, வெள்ளி

காலையில அருள் திரும்ப எண்ணெய். பத்து மணிக்கு டிரம் குழாய் ஒழுகி லுங்கி நனைஞ்சிருக்கு. எண்ணெய் பூசியிருக்கேன், ஒண்ணும் ஆகாதுன்னு அப்படியே வேலை செஞ்சிருக்கான். பதினோரு மணிக்கு உதடு நீலம். நகம் நீலம். "பேரு அருளு, நிறம் கிருஷ்ணரு"ன்னு சொன்னது நான்தான். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். சிரிச்சுக்கினே விழுந்தான்.

"சாராயம்"னான் வாட்ச்மேன். குடிக்காத பய. ரிக்‌ஷாவுல ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தாங்க, கருப்பட்டிக் காப்பி நிறத்துல வந்துது.

டாக்டர்: "உடம்பெல்லாம் என்ன எண்ணெய்?"

நான்: "இவுங்க வழக்கம் சார்."

டாக்டர்: "எண்ணெய் இருந்தா இந்த விஷம் தோலுக்குள்ள ஜாஸ்தியா இறங்கும்யா. சோப்பு போட்டுத் தேய்ங்க. எந்த முட்டாள் இவனுக்குச் சொன்னது?"

சோப்பு வாங்க ஓடினேன். 

விஷத்தை முறிக்கிற ஊசி மருந்து இங்க இல்லயாம். மெத்திலீன் நீலம்னு பேரு. அதுவும் ஒரு சாயம்தானாம். சிதம்பரத்துல தெரிஞ்ச டாக்டருக்கு சீட்டு எழுதிக் குடுத்து, "போயி அடுத்த வண்டியில வந்துடணும். லேட் பண்ணா ஆள் இருக்க மாட்டான்"னார். போனேன். கேட்டவுடனே குடுத்துட்டாங்க. ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு.

ஏறல.

காப்பி ஒண்ணு, வடை ரெண்டு. வடை நல்லா முறுகல். அவன் போயிட்டா போர்டுல என்னா இருந்துதுன்னு சொல்ல எழுத்து தெரிஞ்ச ஆளே இல்ல. இதைத்தான் நெனைச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. அடுத்த வண்டியில ஏறினேன். கிள்ளை தாண்டறப்ப உப்புக்காத்து மூஞ்சியில அடிச்சுது, தூங்கிட்டேன். தூங்க முடிஞ்சுது, அதான் ஆச்சரியம்.

வார்டுக்குள்ள போனா சாமியார். சாகப் போறவனுக்குப் பண்ற அவஸ்தை பூசுதலுக்கு ரீத்தா கூட்டிட்டு வந்திருக்கா. கட்டை விரல்ல மந்திரிச்ச எண்ணெய், அருள் நெத்திக்குப் போவுது. "எண்ணெய் வேணாம்! எண்ணெய் தடவாதீங்க!"ன்னு கத்திட்டேன். வார்டே திரும்புச்சு. சாமியார் நெத்தியில சிலுவை போட்டார்.

ஊசி போட்டாங்க. வராண்டாவுல ரீத்தா:

"ஒரு சொட்டு எண்ணெய்க்கு எதுக்கு அம்மாம் கத்து?"

"டாக்டர் சொன்னாரு, ஆவாதுன்னு."

"அவன் எங்கிட்ட எண்ணெய் கேக்கறப்ப, மாமா போர்டுல எழுதியிருக்காருன்னானே."

"நான் எழுதினேனோ இல்லயோ, பாட்டிலைச் சாய்ச்சு ஊத்திக் குடுத்தது யாரு? நீதானே? உன் கையாலதானே?"

அவ தன் கையைப் பார்த்துக்கினா.

மே 11, சனி

பொழைச்சுக்குவான்னு டாக்டர். உதட்டு நீலம் வெளுத்து வருது. நல்லது. டிராயர்லேர்ந்து தாளை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கமும் அச்சடிச்சிருக்கு. எண்ணெய், கிரீஸ் எதுவும் உடம்பில் பூசவே கூடாதுன்னு கட்டம் கட்டி. திருப்பிப் பார்க்கல நான்.

மே 12, ஞாயிறு

பூசை முடிஞ்சு நேரா ஷெட்டு. ஒருத்தரும் இல்ல. ரெண்டு எழுத்துதான் சுரண்ட வேண்டியிருந்துது. "தடவவும்"ல "வும்" போச்சு. பக்கத்துல "க்கூடாது". இடம் பத்தல, கடைசி "து" கொஞ்சம் பொடிசா வந்துடுச்சு. ஆறாவது வரி: வேலைக்கு முன் கை கால்களில் எண்ணெய் தடவக்கூடாது. டர்பன்டைன் நாத்தம் நகத்துல இருந்து போவல.

மே 16, வியாழன்

அருள் எழுந்து உக்கார்ந்தான். மூத்திரம் நீலமா போவுதுன்னு பக்கத்து கட்டில்காரன்கிட்ட காட்டிச் சிரிக்கிறான். என்னைப் பார்த்ததும், "மாமா, எனக்காக சிதம்பரம் வரைக்கும் ஓடினீங்களாமே." கையைப் புடிச்சுக்கினான். கை சூடா இருந்துது. எடுத்துட்டா நல்லாருக்காதுன்னு வச்சிருந்தேன்.

மே 20, திங்கள்

மழை வர்ற மாதிரி மூட்டம், வரல.

விசாரணை, போர்டுக்கு முன்னாலயே. மானேஜர், இன்ஸ்பெக்டர், நான், ஷெட்டு ஆளுங்க. அருளை நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. போர்டுல எண்ணெய் தடவச் சொல்லியிருக்குன்னான். ஆளுங்களும், "ஆமாங்க, அவன் படிச்சு நாங்க கேட்டோம்."

மானேஜர் சிரிச்சார். நான் பயந்த அதே சிரிப்பு. ஆனா எனக்கில்ல. "எங்க, இப்ப படி."

எழுந்து நின்னான். "எண்... ணெய்... தட... வக்..." நிறுத்தினான். கண்ணைக் கசக்கினான். திரும்ப முதல்லேர்ந்து. விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா. "கூ... டா... து." அப்புறம் பின்னாலேர்ந்து எவனோ, "இவன் படிப்பை நம்பினோம் பாரு"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

"எச்சரிக்கை எழுதியிருந்தும் மீறினார்"னு மானேஜர் எழுதச் சொன்னார். என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன். அவன் வேலை போச்சு.

வெளிய வந்ததும் கிட்ட வந்து மெதுவா கேட்டான். "மாமா, நான்தான் தப்பா படிச்சுட்டேனா?"

அவன் முகத்துல கோவம் இருந்தா கூட தேவலாம். இல்ல. நெஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டான்.

"ஆமாண்டா. பாதியில விட்டுட்டே. இனிமேயாவது முழுசா படி."

"சரி மாமா"ன்னான்.

மே 26, ஞாயிறு

குறிஞ்சிப்பாடியில நெசவுக்காரர் ஒருத்தர் வீட்ல அவனுக்கு எடுபிடி வேலை. ரீத்தா துணி மூட்டை கட்டிக் குடுத்தா, வாசல் வரைக்கும் வந்தா, என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் போனேன்.

ரெண்டு பஸ் நின்னுச்சு. ரெண்டுலயும் நெத்தியில இம்மாம் பெரிய எழுத்துல ஊர் பேரு. அவன் அண்ணாந்து பார்த்தான். உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. அப்புறம் கண்ணை எடுத்துட்டு என்கிட்ட திரும்பி, "இதுல எது மாமா குறிஞ்சிப்பாடி?"ன்னான்.

காட்டினேன்.